வெள்ளோட்டத்துக்கு முன்னும் பின்னும்: நெடுந்தூர மோட்டார் யாட் பற்றி வாசகர் கேள்விகள்

சொந்தத் தேவைக்கென்று வடிவமைத்துக் கட்டும் நெடுந்தூர மோட்டார் யாட் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஆளுக்கொரு படகை மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாக் கணக்குக்கும் ஒரே படகை எடுத்துக்கொண்டோம்: மொத்த நீளம் 20 மீட்டர், நீர்க்கோட்டு நீளம் 18.5 மீட்டர், அகலம் 5.6 மீட்டர், முழுச்சுமையில் 55 டன், அலுமினிய உடல், ஒரே டீசல் எஞ்சின். ஒருமுறை டீசல் நிரப்பினால் 3,000 கடல் மைல் ஓட வேண்டும். உங்கள் படகுக்கு எண்கள் மாறும். கணக்குப் போடும் விதம் அதேதான்.

கே: 3,000 கடல் மைலுக்கு 8,000 லிட்டர் டீசல் போதும் என்கிறது யார்டு (படகு கட்டும் தளம்). விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் 12,000 லிட்டருக்குக் குறைந்தால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான் என்கிறார். யாரை நம்புவது?

ப: இருவரையும் நம்பலாம். யார்டு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தைச் சொல்கிறது, நண்பர் 10 நாட் வேகத்தைச் சொல்கிறார்.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தானே ஓர் அலையைக் கிளப்பி அதற்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். நம் படகுக்கு 18.5 மீட்டர் என்றால் 60.7 அடி, எல்லை 10.4 நாட். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்தது இந்த அலைத் தடையைத்தான். எல்லையிலிருந்து தள்ளி இருக்கும்வரை தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் கனத்தோடு ஏறும். எல்லையை நெருங்க நெருங்க அதைவிடச் செங்குத்தாக ஏறும்.

இந்த அளவுள்ள படகுக்கு 8 நாட்டில் 55 கிலோவாட், 9 நாட்டில் 85, 10 நாட்டில் 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் 0.26 லிட்டர் குடிக்கும். விளக்கு, குளிர்பதனம், நன்னீர் இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் சராசரியாக மணிக்கு 3 லிட்டர் கேட்கும். 8 நாட்டில் 375 மணி நேரம், மணிக்கு 17.3 லிட்டர், மொத்தம் 6,490 லிட்டர். 9 நாட்டில் 8,370. 10 நாட்டில் 300 மணி நேரம்தான், ஆனால் 12,200 லிட்டர். மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர 5,700 லிட்டரைக் கூடுதலாக எரிக்கிறீர்கள்!

8 நாட் கணக்கோடு 20 சதவீதம் கையிருப்பைச் சேருங்கள். தொட்டியின் அடியில் பம்ப் எட்டாமல் கிடக்கும் 4, 5 சதவீதத்தையும் சேருங்கள். 8,200 லிட்டர் தொட்டி போதும் என்று வரும். யார்டு சொன்னதை 200 லிட்டர் கூட்டிக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த வேகத்துக்கான கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் பீபி 1963-ல் சிங்கப்பூரில் கட்டுவித்த 50 அடி ‘பாஸேஜ்மேக்கர்’ பெருங்கடல்களைத் தாண்டியதும் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்கும் இதே கணக்கில்தான்.

கே: யார்டு வாசலில் ஒரு தராசு வைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் எடை போட வேண்டும் என்று வடிவமைப்பாளர் அடம்பிடிக்கிறார். யார்டு சிரிக்கிறது. இது அவசியமா?

ப: அவசியம். சிரிப்பவர்கள் படகு நீரில் இறங்கும் அன்று சிரிக்க மாட்டார்கள்.

நம் படகின் நீர்க்கோட்டுப் பரப்பு சுமார் 71 சதுர மீட்டர். அதாவது, கடல் நீரில் 730 கிலோ ஏறினால் படகு 1 சென்டிமீட்டர் அமிழும். அது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. துணுக்குத் துணுக்காக ஏறும். தேக்குத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் தேக்கு, சதுர மீட்டருக்கு 8 கிலோ; பசையும் சேர்த்தால் 9. 60 சதுர மீட்டருக்கு 540 கிலோ, அதுவும் ஈர்ப்பு மையத்துக்கு மேலே. சமையலறை மேடைக்கு 20 மில்லிமீட்டர் கிரானைட் போட்டால் சதுர மீட்டருக்கு 54 கிலோ. அதே கல்லை 5 மில்லிமீட்டராகச் சீவித் தேன்கூட்டுப் பலகையில் ஒட்டினால் மூன்றில் ஒரு பங்குதான். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வெளிப்புறத்தைச் சமப்படுத்தப் பூசும் ஃபில்லரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. தட்டு வளைந்து நெளிந்து வந்த படகில் அது டன் கணக்கில் போகும்.

தராசோடு ஒரு பேரேடும் வேண்டும். பொருள், கிலோ, முகப்பிலிருந்து தூரம், ஏராவிலிருந்து (படகின் அடி முதுகெலும்பிலிருந்து) உயரம், நடுக்கோட்டிலிருந்து இடமா வலமா என ஐந்தே பத்திகள். வெட்டி எறிந்த மிச்சத்தையும் வெளியே போகும்போது நிறுத்துக் கழியுங்கள். வடிவமைப்புக் கட்டத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை எடை இருப்பு வைப்பது வழக்கம். அந்த இருப்பு யாருடையது என்பதில்தான் சண்டை வரும். யார்டின் தவறுக்கு எவ்வளவு, உரிமையாளர் மனம் மாறுவதற்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்து எழுதிவிடுங்கள்.

கே: கப்பல் பொறியியல் படிக்கிறேன். அலுமினியக் கலவைகளில் 5083-ஐயே ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? 6082 அதைவிட வலுவானது என்று அட்டவணையில் இருக்கிறதே?

ப: அட்டவணை சொல்வது வெல்டிங் செய்யாத தட்டை. 6082-டி6 வெப்பப் பதனத்தால் வலுப்பெற்றது. அதன் தளர்வு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) 250 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதனம் கலைந்து பாதிக்கு இறங்கிவிடும். 5083-எச்116-க்கு 215. அதுவும் இழக்கும், ஏறக்குறைய 125 வரை. ஆகவே வெல்டிங் ஆன பிறகு இரண்டும் ஒரே தரையில்தான் நிற்கின்றன. கடல் நீரைத் தாங்குவதில் 5083 முந்துகிறது. அதனால் தட்டுக்கு 5083, பிழிந்தெடுத்த விறைப்புப் பட்டைகளுக்கு 6082 என்று பிரித்துக்கொள்வார்கள். கணக்கில் எப்போதும் வெல்டிங்குக்குப் பிந்தைய எண்ணைத்தான் போட வேண்டும்.

தட்டு வாங்கும்போது ஏஎஸ்டிஎம் பி928 சான்று கேளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் சில 5083-எச்321 தட்டுகள், துகள் எல்லையோரமாக மெக்னீசியம் படிந்து, கடலில் அடுக்கடுக்காக உரிந்தன. அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு வந்த தரம் அது. தட்டுத் துண்டை அமிலத்தில் ஊறவைத்து எடையிழப்பைப் பார்ப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேறியது.

வெல்டிங்கில் கெடுவது பெரும்பாலும் சுத்தத்தில்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உலோகக் கலவை அதற்கும் கீழே. அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். துடைக்காத ஆக்சைடு வெல்டுக்குள் தோல் போல மடிந்து கிடக்கும். வெளியே பார்த்தால் மணி மணியாக அழகாக இருக்கும். முதலில் கரைப்பானால் எண்ணெயைத் துடைக்க வேண்டும், அதன்பிறகுதான் துருப்பிடிக்கா எஃகு பிரஷ். வரிசையை மாற்றினால் எண்ணெயைத் தட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். அந்த பிரஷ் இரும்பைத் தொட்டிருக்கவே கூடாது. ஈரக்காற்றும் கதவிடுக்கு வழியே வரும் காற்றோட்டமும் வெல்டை மூடிக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கலைத்து, ஹைட்ரஜன் குமிழிகளை உள்ளே அடைத்துவிடும். குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்த தட்டு வியர்க்கும். பட்டறைச் சூட்டுக்கு வந்த பிறகே கை வைக்க வேண்டும்.

கே: உடலோடு சேர்த்து வெல்டிங் செய்த டீசல் தொட்டிகளை எப்படிச் சோதிப்பது? நடுவில் தடுப்பு வைத்தால் செலவுதானே, பலன் என்ன?

ப: தடுப்பில் தொடங்குவோம். பாதி நிறைந்த தொட்டியில் படகு சாயும்போது டீசலும் சாய்ந்த பக்கமே ஓடும். அது படகின் நிமிரும் திறனைத் தின்னும். தின்னும் அளவு தொட்டி அகலத்தின் கனத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள ஒரே தொட்டி நம் 55 டன் படகின் மெட்டாசென்டர் உயரத்தில் (நிமிரும் திறனைக் காட்டும் அளவு) 24 சென்டிமீட்டரைக் குறைக்கும். நடுக்கோட்டில் கசியாத ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கினால் இழப்பு 6 சென்டிமீட்டர். ஒரு தட்டின் விலைக்கு 18 சென்டிமீட்டர் கிடைக்கிறது! ஓட்டை போட்ட அலைத்தடுப்புப் பலகை இதற்கு ஈடாகாது. அது டீசலின் தளும்பலைத் தணிக்கும், ஓட்டத்தை நிறுத்தாது. இரு தொட்டிகளை இணைக்கும் குழாயின் வால்வைக் கடலில் திறந்து வைத்தாலும் சுவர் எழுப்பிய பலன் மெல்ல ஒழுகிப் போகும்.

சோதனைக்குக் காற்றை 0.2 பார் வரை ஏற்றி, வெல்டு முழுக்கச் சோப்பு நீர் பூசிக் குமிழி பாருங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். 0.2 பார் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 2 டன், தட்டு பிதுங்கிவிடும். அழுத்தமானியை மட்டும் நம்பாமல், 2 மீட்டர் உயர நீர்க்குழாய் ஒன்றையும் இணைத்து வைத்தால் அழுத்தம் மீறும்போது தானே பீறிட்டு வெளியேறும். சோதனை பெயின்டுக்கு முன்பு நடக்க வேண்டும். பெயின்ட், நுண்துளையைச் சில மாதங்களுக்கு நன்றாகவே அடைத்துவைக்கும், பிறகு விட்டுவிடும். ஒவ்வோர் அறைக்கும் ஆள் நுழையும் மூடி, அடியில் நீர் வடியும் குழி, குழியில் வடிகால் வால்வு. மூடியின் மேல் சோபாவை ஆணியடித்து வைக்கும் தச்சரை இப்போதே தடுத்துவிடுங்கள்.

கே: அலுமினியப் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தே ஓட்டையாகும் என்கிறார்களே?

ப: ஆகும், மூன்று வழிகளில். கரை மின்சாரத்தின் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு நம் படகும் ஒரே பேட்டரியாகிவிடுவது முதல் வழி. இதற்குத் தீர்வு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். செலவைப் பார்த்து இதை விடாதீர்கள். இரண்டாவது, தாமிரம் கலந்த அடிப்பாகப் பெயின்ட். அலுமினியத்துக்கு அது விஷம். மூன்றாவது வழிதான் கண்ணுக்குத் தெரியாதது: பில்ஜில் (படகின் அடிக்குழியில்) விழுந்து கிடக்கும் தாமிரக் கம்பித் துண்டோ பித்தளை வாஷரோ. அதன் மேல் கொஞ்சம் உப்பு நீர் நின்றால் அடியில் குழி விழத் தொடங்கிவிடும். எலக்ட்ரீஷியன் வேலை முடித்த ஒவ்வொரு மாலையும் பில்ஜை வேக்யூம் போட வேண்டும்.

வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையை நீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையை உடலில் வையுங்கள். மைனஸ் 0.90-க்கும் மைனஸ் 1.10 வோல்ட்டுக்கும் நடுவே இருந்தால் நிம்மதி. பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தால், அனோடு (உடலுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) தரும் பாதுகாப்பு போதவில்லை. மைனஸ் 1.10-ஐத் தாண்டினால் பாதுகாப்பு மிகுந்துவிட்டது. அலுமினியத்தை அதுவும் அரிக்கும். எஃகுப் படகுக்காரர் சொன்னாரென்று இரண்டு அனோடு கூடுதலாக மாட்டுவது இங்கே நன்மையில்லை. கடல் நீரில் மெக்னீசியம் அனோடு வேண்டவே வேண்டாம். அனோடு மேல் பெயின்ட் பூசிவிட்டு இறக்கிய படகுகள் உண்டு. அந்த அனோடு வெறும் பாரம்.

கே: ஒரே எஞ்சினை நம்பிப் பெருங்கடல் தாண்டலாமா? யார்டு 300 குதிரைத்திறன் எஞ்சினைப் பரிந்துரைக்கிறது.

ப: தாண்டலாம். ஒற்றை எஞ்சினில் புரொப்பெல்லர் நடுக்கோட்டில், ஏராவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். இரட்டையில் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மிதக்கும் வலைக்கும் மரத்துக்கும் முதலில் மாட்டும். டீசல் எஞ்சின் தானாக நிற்பது அபூர்வம். நிறுத்துவது அழுக்கு டீசல். இரண்டு எஞ்சினும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால் அது இரண்டையும் நிறுத்தும். ஒற்றை எஞ்சினோடு, தனித் தொட்டியும் தனி ஷாஃப்டும் மடங்கும் புரொப்பெல்லரும் கொண்ட ஒரு சிறு துணை எஞ்சின் இருந்தால் 4, 5 நாட்டில் கரை சேரலாம். அதை மாதம் ஒருமுறை ஓட்ட வேண்டும், ஓட்டாத துணை எஞ்சின் துணையல்ல.

300 குதிரைத்திறன் பற்றி: அது 224 கிலோவாட். 8 நாட்டுக்குத் தேவை 55. கால்வாசிச் சுமையில் பதினைந்து நாள் இடைவிடாமல் ஓடும் எஞ்சினில் கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளத்து எண்ணெய் குடிக்கத் தொடங்கும். தொடர் ஓட்டத்துக்கென்று மதிப்பிடப்பட்ட 150, 170 கிலோவாட் எஞ்சின் இந்தப் படகுக்குப் பொருந்தும். பெரியதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தினமும் அரை மணி நேரம் முக்கால் சுமையில் ஓட்டுங்கள்.

கே: டிராவல் லிஃப்டில் (பட்டைகளில் படகைத் தூக்கி நகர்த்தும் சக்கரப் பாரந்தூக்கி) படகை இறக்கப் போகிறார்கள். அன்று உரிமையாளரின் ஆளாக நான் நிற்க வேண்டும். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ப: பாதி வேலை முந்திய வாரத்தில். உடலில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் எண் கொடுத்துப் படம் வரையுங்கள். 14 துளை என்றால் 14 வால்வு. ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடுங்கள். ஹோஸ் கிளிப்பைக் கண்ணால் பார்த்தால் போதாது, ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகிப் பாருங்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே இரட்டைக் கிளிப். கட்டைகள் தாங்கிய இடங்களில் பெயின்ட் இருக்காது. கட்டையை மாற்றி வைத்துப் பூசக் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். இறக்கும் நாளில் தூக்குப் பட்டையில் தொங்கும்போது அவசரமாகப் பூசுகிற வழக்கம் உண்டு. ஈரப் பெயின்ட் நீரில் நிற்காது.

பட்டை எங்கே வர வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் வரைபடத்தில் குறித்திருப்பார்: குறுக்குச் சுவர்களுக்கு நேரே. அந்த இடங்களைத் தளத்தின் ஓரத்தில் டேப் ஒட்டிக் காட்டுங்கள். ஷாஃப்ட், சுக்கான், நிலைப்படுத்தும் துடுப்பு, ஆழமானியின் சென்சார் எதன் மீதும் பட்டை படக்கூடாது. முன்பட்டை முன்னோக்கி வழுக்காமலிருக்க இரண்டு பட்டைகளையும் கயிற்றால் பிணைக்க வேண்டும்.

தரையை விட்டு ஒரு சாண் தூக்கியதும் நிறுத்தச் சொல்லுங்கள். லிஃப்டின் எடைகாட்டியைப் படியுங்கள். முன்பட்டை 21.0 டன், பின்பட்டை 26.5 டன், இரண்டுக்கும் நடுவே 9 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 47.5 டன். ஈர்ப்பு மையம் முன்பட்டையிலிருந்து 26.5-ஐ 47.5-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கிய தூரம், அதாவது 5.02 மீட்டர் பின்னால். எடைப் பேரேடு என்ன சொன்னது? எடைகாட்டிக்கே சில சதவீதப் பிழை உண்டு. அதையும் மீறி ஒரு டன், இரண்டு டன் வித்தியாசம் என்றால் பேரேட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. படகு காற்றில் தொங்கும்போதே அது தெரிந்துவிடுகிறது.

இறக்கும்போது ஓர் அறைக்கு ஓர் ஆள், கையில் டார்ச். வால்வுகள் நீருக்குள் போனதும் பட்டையிலேயே படகை நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருங்கள். முதலில் எல்லா வால்வும் மூடியபடி. வால்வின் அடித்தட்டு கசிகிறதா? பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து ஹோஸைத் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடல், இல்லாவிட்டால் வியர்த்த நீர். ஸ்டெர்ன் டியூபுக்கு (ஷாஃப்ட் உடலைக் கடந்து வெளியேறும் குழாய்) வாருங்கள். சொட்டாத வகை சீல் என்றால் ரப்பர் மடிப்பை இரு கையாலும் பின்னுக்கு அழுத்தி, சிக்கிய காற்று வெளியேறி நீர் பீறிடும் வரை பிடிக்க வேண்டும். இதை மறந்தால் சீல் முகம் முதல் பத்து நிமிட ஓட்டத்திலேயே உலர்ந்து கருகும். காற்றுக்குழாய் பொருத்திய மாதிரிக்கு இந்த வேலை இல்லை.

பட்டை தளர்ந்த பிறகும் ஒரு மணி நேரம் அடியிலேயே கிடக்கட்டும். அந்த நேரத்தில் முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆழக்குறி படியுங்கள்; ஒரு வாளி நீரெடுத்து அடர்த்திமானியை மிதக்கவிடுங்கள். ஆற்று முகத்தில் நன்னீராக இருந்தால் இந்தப் படகு கடலில் இருப்பதைவிட 1.6 சென்டிமீட்டர் ஆழமாக மிதக்கும். அதைத் தெரியாமல் ஒரு டன்னைத் தேடி அலைய வேண்டாம்.

எஞ்சினைக் கிளப்பும்போது ஒன்றே ஒன்று: ஈர எக்ஸாஸ்ட் என்றால், கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றக்கூடாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் பம்ப் கடல்நீரை அனுப்பும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் நீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் ஏறும். இரண்டு முயற்சி தோற்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்றுங்கள். கிளம்பியதும் உடனே திறந்துவிட வேண்டும்.

சறுக்குப் பாதையில் இறக்குகிறவர்களுக்கு வேறு கவலை. பின்பகுதி மிதக்கத் தொடங்கியதும் படகின் எடையில் கணிசமான பங்கு முன்தாங்கியின் மேல் குவியும். அந்த இடத்தில் உடலுக்குள் முட்டு வேண்டும். ஓதம் உச்சத்துக்கு வரும் நேரத்தைப் பிடிப்பதும் முக்கியம். ஓதம் வற்றும்போது பாதையில் பாதியில் நின்ற படகை நகர்த்துவது பெரும்பாடு.

கே: நீரில் இறங்கிய படகு முகப்பில் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தும் வலப்பக்கம் 2 டிகிரி சாய்ந்தும் நிற்கிறது. ஈயக்கட்டி போட்டுச் சரிசெய்கிறோம் என்கிறது யார்டு.

ப: ஈயம் கடைசி மருந்து. முதலில் எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோல் விட்டு அளந்து எழுதுங்கள். இறக்கும் நாளில் வலப்பக்க நன்னீர்த் தொட்டி மட்டும் நிறைந்திருந்ததால் வந்த சாய்வுக்கு ஈயம் கேட்ட கதையெல்லாம் உண்டு.

தொட்டிகள் காரணமில்லை என்றால் கணக்கு இது. நம் படகின் முன்-பின் சமநிலையை 1 சென்டிமீட்டர் மாற்ற ஏறக்குறைய 0.8 டன்-மீட்டர் வேண்டும். முன்னும் பின்னுமான ஆழ வித்தியாசம் 6 சென்டிமீட்டர் என்றால், 5 டன்-மீட்டர். 500 கிலோ நங்கூரச் சங்கிலியை 3 மீட்டர் பின்னால் ஒரு பெட்டிக்கு இறக்கினால் 1.5. பேட்டரி வங்கி 600 கிலோ 5 மீட்டர் நகர்ந்தால் 3. ஏறக்குறைய முடிந்தது, ஒரு கிலோகூடச் சேர்க்காமல்! சாய்வுக்கு, மெட்டாசென்டர் உயரம் 1 மீட்டர் என்றால் 2 டிகிரிக்கு 1.7 டன்-மீட்டர். இது பெரிய அளவு. ஜெனரேட்டர், குளிர்பெட்டிகள், கருவிப்பெட்டிகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டதா என்று பேரேட்டின் ஐந்தாம் பத்தியைக் கூட்டிப் பாருங்கள்.

அந்த 1 மீட்டர் உண்மைதானா என்பதைச் சாய்வுச் சோதனை சொல்லும். காற்றில்லாத காலை, தளர்ந்த கட்டுக்கயிறு, தொட்டிகள் முழுதாகவோ காலியாகவோ. 400 கிலோ எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 4 மீட்டர் நகர்த்துங்கள். 48 டன் படகில், 2 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு 67 மில்லிமீட்டர் விலகினால் மெட்டாசென்டர் உயரம் சரியாக 1 மீட்டர். குண்டை எண்ணெய் வாளிக்குள் தொங்கவிட்டால் ஆடாமல் நிற்கும். அதிகமாக விலகினால் பயப்படலாம். மிகக் குறைவாக விலகினாலும் மகிழ வேண்டாம். வெடுக் வெடுக்கென்று நிமிரும் படகில் யாரும் சமைக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது.

கே: வெள்ளோட்டத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,100 சுற்றுக்குப் பதில் 1,960-க்கு மேல் ஏறவில்லை. தொட்டிகளில் பாதிதான் டீசல். புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

ப: மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அது கடைசி. ஒளி டாக்கோமீட்டரால் சுற்றை அளந்து டாஷ்போர்டு காட்டுவது உண்மையா என்று பாருங்கள். த்ராட்டில் கம்பி கடைசி வரை போகிறதா? எஞ்சின் அறையின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் சுற்று ஏறுகிறதா? ஏறினால் காற்று போதவில்லை. ஃபில்டரின் வெற்றிடமானி, எக்ஸாஸ்டின் பின்னழுத்தம், இரண்டையும் எஞ்சின் தயாரிப்பாளரின் வரம்போடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரியென்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (இதழின் முறுக்கு) அதிகம். பட்டறையில் குறைத்துத் தருவார்கள். பாதிச் சுமையிலேயே 2,100-ஐ 2, 3 சதவீதம் தாண்ட வேண்டும், அப்போதுதான் முழுச்சுமையில் 2,100 வரும். ‘மெதுவாகத்தானே போகப் போகிறோம்’ என்று அப்படியே விட்டால், எதிர்க்காற்றில் கரும்புகையும், உத்தரவாதம் செல்லாது என்ற கடிதமும் வரும்.

வேகத்தை ஒரே திசையில் அளந்து ஏமாற வேண்டாம். போக ஒன்று, வர ஒன்று, சராசரி. டீசலை ஃப்ளோ மீட்டரோடு நிறுத்தாமல், தினசரித் தொட்டியின் கண்ணாடிக் குழாயில் லிட்டர் குறித்து ஒரு மணி நேரம் ஓட்டி அளங்கள். எஞ்சினிலிருந்து திரும்பும் டீசலும் அதே தொட்டிக்கே வர வேண்டும். 7, 8, 9, 10 நாட்டுக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும். முதல் கேள்வியில் நாம் ஊகித்த எண்களை அடித்துவிட்டு இவற்றை எழுதுங்கள்.

ஷாஃப்ட் சீரமைப்பை இதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். கரையில் செய்தது கணக்கில் சேராது. படகு நீரில் வளையும். இரண்டு நாள் மிதந்த பிறகு, தொட்டி பாதி நிறைந்த நிலையில், ஷாஃப்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கை அவிழ்த்து நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 200 மில்லிமீட்டர் கப்ளிங்கில் நான்கு அளவுக்குள்ளும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். பிறகு ஷாஃப்டின் பக்கத்தை மட்டும் கால்சுற்று திருப்பி மறுபடி அளங்கள். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் எஞ்சின் நிற்கும் இடத்தில் இல்லை. ஷாஃப்டோ கப்ளிங்கோ கோணல்.

கே: 24 மீட்டருக்குள் இருந்தால் விதிகள் குறைவு என்பது உண்மையா?

ப: உண்மை. ஆனால் எந்த 24 மீட்டர் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013/53 உல்லாசப்படகு நெறிமுறை 2.5 முதல் 24 மீட்டர் வரை உடல் நீளத்தைப் பார்க்கிறது. பெருங்கடலுக்கு அதன் ‘ஏ’ வகை வேண்டும்: பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 8-க்கு மேற்பட்ட காற்று, 4 மீட்டருக்கு மேற்பட்ட அலை. பன்னாட்டு விதிகள் பார்ப்பது சுமைக்கோட்டு நீளத்தை. அது வேறு அளவு. அந்த 24 மீட்டரைத் தொட்டு, 2021 ஜனவரி 1-க்குப் பின் கட்டத் தொடங்கிய யாட், நைட்ரஜன் ஆக்சைடு கட்டுப்பாட்டுக் கடற்பகுதிகளில் ஓட வேண்டுமானால், 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு மூன்றாம் அடுக்குத் தரம் வேண்டும். நடைமுறையில் அது யூரியாத் தொட்டி, வினையூக்கிப் பெட்டி, அவற்றுக்கு இடம், எடை.

கே: வெள்ளோட்டம் முடிந்த மறுவாரமே பெருங்கடல் தாண்டலாமா?

ப: வேண்டாம். முதல் 50 மணி நேரம் கரையருகே ஓட்டுங்கள். எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஷாஃப்ட் சீரமைப்பை மறுபடி பார்த்து, எஞ்சின் தாங்கிகளின் போல்ட்டுகளை இறுக்குங்கள். அடுத்து 24 மணி நேரம் நிற்காத ஓட்டம். அதன்பின் மூன்று நாள் ஓட்டம், எந்தக் கட்டத்திலும் ஒரு நாள் தூரத்துக்குள் துறைமுகம் இருக்கும்படி. வேண்டுமென்றே அலையுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். புதுத் தொட்டியை எவ்வளவு துடைத்தாலும் வெல்டிங் பொடியும் அரத்தூளும் மூலைகளில் ஒட்டியிருக்கும். படகு நன்றாக ஆடினால்தான் அவை கிளம்பி ஃபில்டருக்கு வரும். முதன்மை ஃபில்டர் இரண்டை அருகருகே பொருத்தி, எஞ்சின் ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் வால்வு வையுங்கள். முதல் நூறு மணி நேரத்துக்கு 30 மைக்ரான் போதும், பிறகு 10. எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாம் ஃபில்டருக்கு எஞ்சின் தயாரிப்பாளர் சொன்னதே. கழற்றிய ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டி விரித்துப் பாருங்கள். வெள்ளியாய் மினுங்கினால் தொட்டியின் அரத்தூள், கறுத்து வழுவழுத்தால் டீசலில் வளரும் நுண்ணுயிர், கடினமான கறுப்புத் துணுக்கு என்றால் எங்கோ ஹோஸின் உட்புறம் உரிகிறது. மினுங்கல் நிற்கும் வரை, ஒரு டஜனுக்குக் குறையாமல் உதிரி ஃபில்டர் கையில் இருக்கட்டும்.